கடைசி ரீலில் நான் எழுந்து நிற்கவில்லை

தமிழ் சினிமாவில் ஒருவரை வீல்சேரில் உட்கார வைத்துவிட்டால், பெரும்பாலும் அவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, கடைசி ரீலில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், இசை உச்சத்துக்குப் போகும், தியேட்டர் கைதட்டும். இல்லையென்றால் செத்துப்போவார், மற்றவர்கள் நன்றாக வாழட்டும் என்று வழிவிட்டுப் போகும் நல்லவராகச் சாவார். நான் முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுந்தும் நிற்கவில்லை, சாகவும் இல்லை. திருமுடிவாக்கத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சிட்கோ எஸ்டேட்டில் இருக்கும் பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். இப்படி ஒரு மூன்றாவது வழி உண்டு என்பது அடிபட்ட புதிதில் எனக்கும் தெரியாது, என் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் அது இல்லை.

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் போகிற பக்கம், வெளிவட்டச் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். கல் எடுத்து முடித்துத் தண்ணீர் நிற்கும் பழைய குவாரிகள் ஒருபக்கம், தொழிற்பேட்டை இன்னொருபக்கம். கார், பைக் கம்பெனிகளுக்குப் போகும் உதிரிபாகங்களை லேத்திலும் பிரஸ்ஸிலும் செய்து தள்ளும் சின்னச் சின்னப் பட்டறைகள். அப்படி ஒன்றில் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால், ஷெட் கூரையில் ஒழுகும் இடத்தை அடைக்க ஏறினேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் காலடியில் உடைந்தது. கீழே அடுக்கியிருந்த இரும்புத் தகடுகளின்மேல் முதுகு பட விழுந்தேன். டி-12 என்கிற முதுகெலும்பு நொறுங்கி, அதற்குள் போகும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. எலும்பை ராடு வைத்து நிமிர்த்திவிடலாம். நசுங்கிய தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் மருத்துவம் இன்றுவரை வரவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. உணர்வு போயிற்று. சிறுநீர் முட்டுகிறது என்று தெரிவதும் அதை அடக்குவதும் போயிற்று. கைகள் இரண்டும் மட்டும் பழைய கைகளாகவே இருந்தன.

டாக்டர் இதை என் மனைவியிடமும் தம்பியிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு படக்கதையோடு வந்தார்கள். பெரியப்பா ‘பாகப்பிரிவினை’ சொன்னார். 1959இல் வந்த பீம்சிங் படம். சின்ன வயதில் மின்சாரம் தாக்கிச் செயலிழந்துபோன சிவாஜியின் கை, உச்சக்கட்டத்தில் மறுபடி மின்சாரம் தாக்கியதும் சரியாகிவிடும். “அதிர்ச்சியிலதான் போச்சு, ஒரு அதிர்ச்சியிலதான் வரும். மனச விட்ராதப்பா” என்றார். நல்ல மனிதர், உள்ளன்போடுதான் சொன்னார். அவர் வாலிபத்தில் பார்த்த படம் அவருக்குள் மருத்துவ உண்மையாகவே தங்கிவிட்டிருந்தது. நானும் நம்பினேன். அந்த நேரத்தில் நம்பாமல் இருக்க யாரால் முடியும்?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் காத்திருப்புதான். எண்ணெய் போட்டு உருவினார்கள். குன்றத்தூர் மலைக்கு அம்மா நேர்ந்துகொண்டாள். மனைவியின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே ஒரு வீல்சேர் வாங்கி வந்திருந்தோம். அம்மா அதை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். “அதுல உக்காந்தா அதுவே நெலச்சிடும்டா. எந்திரிச்சு நடக்கறவனுக்கு அது எதுக்கு?” என்பாள். அம்மாவின் கணக்கில் வீல்சேர் என்பது தோல்வியை ஒப்புக்கொள்வது. அதனால் நான் படுத்தே கிடந்தேன். உணர்வில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தோல் செத்துவிடும். வலிக்காது; வலித்தால்தானே புரண்டு படுப்போம். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் வந்தது. எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழுந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களை விழுந்த அடி மட்டும் கொல்வதில்லை. புண்ணும் சிறுநீரகத் தொற்றும் கொல்கின்றன. எழுந்து நடக்கும் காட்சிக்காகக் காத்திருந்த அந்த மாதங்கள் என்னை உண்மையாகவே சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டன.

அந்த நாட்களில் ஓர் இரவு மனைவியிடம் சொன்னேன்: “நான் உனக்குப் பாரம். பாப்பாவ எடுத்துக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. நீ வேற ஒரு வாழ்க்கை அமைச்சுக்கோ.” அவள் அழவில்லை. “வசனம் பேசாதீங்க. ரெண்டு கையையும் ஊனி இடுப்பத் தூக்குங்க, பெட்ஷீட்ட உருவணும்” என்றாள். தூக்கினேன். ஷீட்டை உருவி, சுருக்கமில்லாமல் புதியதை விரித்தாள். சுருக்கம் இருந்தால் தோலில் கோடு விழும், கோடு புண்ணாகும். இதைச் செய்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது எனக்குள் வேலை செய்ய ஆரம்பித்தது. நான் பேசியது வசனம்தான். காலில்லாதவன், கண்ணில்லாதவன், நோயாளி என்று எத்தனை பேர் அதே வரிகளை அதே குரலில் எனக்கு முன்னால் திரையில் சொல்லியிருக்கிறார்கள். என் சொந்தத் துயரத்தில்கூட என் வாயில் வந்தது வேறு யாரோ எழுதிக் கொடுத்த வார்த்தை. என்னை விட்டுப் போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. நான் விரும்பியதெல்லாம் புண் ஆறுவது, குளிப்பது, பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது. அதையெல்லாம் சொல்ல எனக்கு வசனம் கிடைக்கவில்லை.

படுத்துக் கிடந்தபோது டி.வி.தான் துணை. ‘ரத்தக்கண்ணீர்’ ஓடியது. 1954இல் வந்த படம், எம்.ஆர். ராதாவின் நடிப்புக்கு முன்னால் இன்றைக்கும் யாரும் நிற்க முடியாது. ஆனால் அதில் குஷ்டம் என்பது பாவத்தின் சம்பளம். உடம்பு கெட்டவன் மனசு கெட்டவன் என்ற எண்ணத்தை அந்தப் படம் ஒரு தலைமுறையின் மனதில் ஆணி அடித்ததுபோல இறக்கியது. அறுபது வருஷம் கழித்து 2015இல் வந்த ஷங்கரின் ‘ஐ’ படத்திலும் அதே கணக்குதான். கதாநாயகன் வில்லன்களைக் கொல்வதில்லை. உருவத்தைச் சிதைத்து உயிரோடு விடுகிறான். சாவைவிடப் பெரிய தண்டனை சிதைந்த உடம்போடு வாழ்வது என்று படம் சொல்கிறது, ஜனம் கைதட்டுகிறது. ‘நான் கடவுள்’ படத்தையும் அந்தக் கட்டிலில் இருந்துதான் பார்த்தேன். 2009இல் பாலா எடுத்த படம், தேசிய விருது வாங்கிய படம். உண்மையிலேயே உடற்குறை உள்ளவர்களைக் கூட்டி வந்து, பிச்சைத் தொழிலின் கொடூரத்தை அதுபோலக் காட்டிய படம் வேறில்லை. அவர்கள் கூடிச் சிரிப்பதையும் கிண்டல் பேசுவதையும் பார்த்தபோது எனக்கு ஒட்டுதலாக இருந்தது. ஆனால் முடிவில், பார்வையற்ற அம்சவல்லிக்குக் கதாநாயகன் தரும் விடுதலை அவளைக் கொன்றுவிடுவது. படம் முடிந்ததும் அம்மா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

புண்ணுக்காக வேலூர் போனோம். புண் ஆறியதும் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே என்னைப்போலவே அடிபட்டவர்கள் நிறையப் பேர். பைக்கில் விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார், முன்பு தென்னை மரம் ஏறியவர். எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே விழுந்தவர், மறுபரிசோதனைக்காக வந்திருந்தார். முதல் நாளே அவரிடம், “உங்களுக்கு நடை வந்துடுச்சாண்ணா?” என்று கேட்டேன். “நடக்கறதுக்கு அப்புறமா காத்திருக்கலாம் தம்பி. குளிச்சு எத்தன நாளாச்சு? வா, குளிக்கப் போலாம்” என்றார். எந்த டாக்டரும் எந்தச் சாமியாரும் சொல்லாத ஒன்றை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். நடப்பது வந்தால் வரட்டும். அதுவரைக்கும் குளிப்பதை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? சாப்பிடுவதை, சம்பாதிப்பதை, பிள்ளையைப் பள்ளியில் விடுவதை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? கட்டிலிலிருந்து வீல்சேருக்கும், வீல்சேரிலிருந்து குளியலறை ஸ்டூலுக்கும் கையாலேயே மாறுவது எப்படி என்று அவர்தான் முதலில் காட்டினார். தெரபிஸ்ட் அதைப் பிறகு திருத்திக் கொடுத்தார். முன்சக்கரங்களை மேலே தூக்கி, பின்சக்கரத்தில் சமநிலையில் நின்று, சின்னப் படியைத் தாண்டவும் அங்கேதான் கற்றேன். மல்லாந்து விழ விழக் கற்றேன்.

அந்த மையத்தை 1966இல் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் அவருக்கும் முதுகுத்தண்டு போனது. அப்போது அவர் இளம் மருத்துவர். டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், வீல்சேரில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து இதைக் கட்டினார். 1972இல் பத்மஸ்ரீ வாங்கினார். இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. கால் போன ஒரு பெண், விரல் போனவர்களின் கையைச் சரிசெய்து வேலைக்கு அனுப்பியிருக்கிறார். நம் நாட்டில், நம் ஜில்லாவுக்குப் பக்கத்தில் நடந்த கதை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கடற்படைத் தேர்வின்போது 1975இல் அடிபட்டவர். அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்து, 1998இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, பிறகு தண்டுவடம் பாதித்தவர்களுக்காகத் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ நடத்தும் பிரீத்தி சீனிவாசன் இருக்கிறார். இவர்கள் யாரும் எழுந்து நடக்கவில்லை. யாருடைய வாழ்க்கையும் விபத்தோடு முடியவும் இல்லை. கதை எழுத ஆள் தேடுகிறவர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது, போர்வையை எடுத்துவிட்டு வீல்சேரை விரித்து வைத்தது அம்மாதான். ஆனாலும் தெருவுக்கு வர எனக்குக் கூச்சம். யார் என்ன சொல்வார்களோ என்று வாசலுக்கு உள்ளேயே இருப்பேன். பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் வாசலில் நின்று, “கலைஞரே அதுலதானய்யா போறாரு. நீ எதுக்கு உள்ளயே கெடக்குற?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2009க்குப் பிறகு தமிழ்நாடு அதிகம் பார்த்த வீல்சேர் கலைஞருடையதுதான். அதில் உட்கார்ந்துகொண்டே ஆட்சி நடத்தினார், கூட்டம் பேசினார், படத்துக்கு வசனம் எழுதினார், 2011லும் 2016லும் திருவாரூரில் நின்று ஜெயித்தார். அவரைப் பிடிக்காதவர்கள் அவருடைய அரசியலோடு சண்டை போட்டார்கள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ‘பராசக்தி’ எழுதிய அதே மனிதர்தான் வேனிலிருந்து பேசுகிறார் என்று ஜனத்துக்குத் தெரியும். ஆளைத் தெரிந்தால் நாற்காலி பின்னால் போய்விடும். சினிமாவில் தலைகீழாக நடக்கிறது. நாற்காலி முன்னால் வருகிறது, ஆளைப் பற்றி எதுவுமே தெரிவதில்லை. அவருக்கு என்ன வேலை, எவ்வளவு கடன், யார்மேல் கோபம், எந்த ஹோட்டல் பிரியாணி பிடிக்கும் என்று எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த நாற்காலியையாவது சரியாகக் காட்டுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. படங்களில் வருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் மடக்கு நாற்காலி. சீட் துணி தொட்டில்போலத் தொய்ந்திருக்கும். பதினெட்டு, இருபது கிலோ கனக்கும். அதில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. என்னுடைய சேர் அளவெடுத்துச் செய்தது. இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை உயரம் எல்லாம் அளந்து, தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல எடுத்துச் செய்தார்கள். பின்னால் தள்ளும் கைப்பிடி வேண்டாம் என்று சொல்லி வாங்கினேன். கைப்பிடி இருந்தால், கேட்காமலே யாராவது வந்து தள்ளிவிடுகிறார்கள். கையால் சக்கர வளையத்தைப் பிடித்துத் தள்ளும்போது, எங்கே போகவேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன். திரையில் வீல்சேர்க்காரர் தாமாகத் தள்ளிக்கொண்டு போவதைக் காண்பது அபூர்வம். எப்போதும் பின்னால் ஒரு மகள், ஒரு நர்ஸ், ஒரு தியாகி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு அளவுக்கேற்ற நாற்காலிகளை உருவாக்கி வருகிறது. 2025 ஜூலையில் ஒன்பதே கிலோ எடையுள்ள ஒன்றை வெளியிட்டார்கள். கிண்டியில் இது நடக்கிறது. கோடம்பாக்கத்துக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம்?

இன்னொன்றை என் மகள் கண்டுபிடித்தாள். இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒருநாள் ஏதோ ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வீல்சேரில் ஒரு பெரியவர் படம் முழுக்க வருகிறார். பாதியில், “அப்பா, இவரு ஒரு தடவகூடத் தூக்கி உக்காரவே இல்லையே, புண்ணு வந்துடாது?” என்றாள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கி, பத்து எண்ணிவிட்டு இறக்குவேன். குழந்தையிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பதும், வெளியே போகும் நாளில் தண்ணீரை அளந்து குடிப்பதும், காரணமே இல்லாமல் கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதும் எங்கள் வீட்டில் சாதாரணம். திரையில் வீல்சேரில் வருகிறவர்களுக்குச் சிறுநீர் வருவதில்லை, கால் மெலிவதில்லை, செருப்பு நழுவி விழுவதில்லை. இவ்வளவையும் காட்டித்தான் ஆகவேண்டுமா என்று கேட்கலாம். காட்ட வேண்டும் என்றே நினைக்கிறேன். அடிபட்ட முதல் மாதத்தில், எந்தப் படத்திலாவது யாராவது கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதை நான் பார்த்திருந்தால், எலும்பு தெரியும் அந்தப் புண் எனக்கு வந்திருக்காது.

நல்ல படங்கள் இல்லாமல் இல்லை. 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில், கால் இழுத்து நடப்பவனை ஊரே சப்பாணி என்கிறது. அப்படிக் கூப்பிட்டால் அறைந்துவிடு என்று மயில் கற்றுக் கொடுக்கிறாள். கோபாலகிருஷ்ணன் என்ற பெயர் அந்த அறையில்தான் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ‘அன்பே சிவம்’ நல்லசிவத்துக்குச் சிதைந்த உடம்பு சரியாகவே இல்லை. சிதையாத கொள்கையோடு படம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறார். ராதாமோகனின் ‘மொழி’ 2007இல் வந்தது. அதில் ஜோதிகாவுக்குக் கடைசிவரை காது கேட்பதில்லை, பேச்சு வருவதில்லை. மற்றவர்கள் அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ‘சைக்கோ’வில் நித்யா மேனன் வீல்சேரில் இருக்கும் முன்னாள் போலீஸ் அதிகாரி, துப்புத் துலக்க அவருடைய மூளை கதைக்குத் தேவைப்படுகிறது. ராமின் ‘பேரன்பு’, மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் வயதுக்கு வரும்போது அவளுடைய உடம்புக்கும் ஆசைக்கும் அப்பா எப்படி முகம் கொடுக்கிறார் என்று கேட்டது. கடலில் இருவரின் சாவோடு முடிந்துவிடும் என்று நான் பயந்த கதை, மூன்று பேர் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் முடிந்தது. அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

என்னை அதிகம் அசைத்த படம் 2016இல் வந்த ‘தோழா’. நாகார்ஜுனா கழுத்துக்குக் கீழே அசைவில்லாத கோடீசுவரர். கார்த்தி அவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர். 2011இல் வந்த பிரெஞ்சுப் படத்தின் தழுவல். அந்தப் பிரெஞ்சுப் படமும், பிலிப் போட்சோ தி போர்கோ என்ற உண்மையான மனிதரையும் அவருடைய உதவியாளர் அப்தெல் செல்லுவையும் வைத்து எடுத்ததுதான். அதில் கார்த்தி இரக்கப்படுவதில்லை. சண்டை போடுகிறார், கிண்டல் செய்கிறார், வேகமாக வண்டி ஓட்டுகிறார். நாகார்ஜுனா எழுந்து நிற்பதும் இல்லை, சாவதும் இல்லை. சிரிக்கிறார். தியேட்டரில் உட்கார்ந்து ஒரு வீல்சேர்க்காரர் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எனக்கும் நண்பர்களோடு அப்படிச் சிரிக்கும் நேரங்கள் உண்டு. அதை யாரும் நம்புவதில்லை.

ஆனால் அந்தத் தியேட்டருக்குள் நான் போன விதத்தையும் சொல்லவேண்டும். தாம்பரம் பக்கம் உள்ள தியேட்டர். வாசலில் ஏழெட்டுப் படி, உள்ளே போனால் இன்னும் படி. தம்பியும் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து என்னைச் சேரோடு தூக்கினார்கள். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகார்ஜுனா பாரிஸ் வரைக்கும் போகிறார், பணம் இருக்கிறது. எனக்குத் திருமுடிவாக்கத்திலிருந்து தாம்பரம் போவதே பெரும்பாடு. குவாரி லாரி சிந்திய ஜல்லியில் முன்சக்கரம் புதையும். கால்வாய் மூடியின் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். வீட்டு வாசலில் சாய்தளம் போட்ட கொத்தனார் முதலில் சறுக்குமரம் மாதிரி கட்டிவிட்டார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று காட்டி, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினோம். அன்றிலிருந்து நானே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன். என் கால் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது வாசல். என் வாழ்க்கையில் வந்த உச்சக்கட்டக் காட்சி அதுதான். அதில் எழுந்து நிற்பவர் யாரும் இல்லை. 2022 நவம்பரில் மெரினா மணலில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை வழியாகத் தண்ணீர்க் கரைக்குப் போய் மகளோடு நனைந்தேன். எத்தனையோ படங்களில் பார்த்த அலை, என் மடியில் வந்து மோதியது.

சட்டமும் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த வகைகளை இருபத்தொன்றாக்கியது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றத்தில், தாமே வீல்சேரைப் பயன்படுத்தும் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஓர் இந்திப் படம் ஊனத்தைக் கேலி செய்ததைப் பற்றிய வழக்கு. ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவு செய்யும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இழிசொற்களைத் தவிர்க்கவும், எங்களைப் பற்றிய படங்களில் எங்களையும் கலந்துகொள்ளவும் வழிகாட்டியது. படைப்பாளியின் சுதந்திரத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. எங்களையும் சேர்த்துக்கொண்டு படம் எடுப்பது புதிதும் அல்ல. மார்லன் பிராண்டோ, 1950இலேயே வந்த ‘தி மென்’ என்ற தன் முதல் படத்துக்காக, போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்கள் இருந்த ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வீல்சேரிலேயே வாழ்ந்தார். அந்த வீரர்களில் பலர் படத்திலும் நடித்தார்கள். அதற்கும் முன்னால், 1946இல் வந்த ஒரு படத்தில் நடித்ததற்காக, இரண்டு கைகளையும் இழந்த ஹரால்ட் ரஸ்ஸல் ஆஸ்கர் வாங்கினார். இத்தனை காலம் கழித்து, நம் ஊரில் ஒரு வீல்சேர் பாத்திரத்துக்கு வீல்சேரில் இருப்பவரைத் தேடிப் பார்ப்பது பெரிய காரியமா? நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து தப்பைச் சொல்லவாவது ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம்.

படங்கள் என்னை ஏமாற்றிவிட்டன என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் என்னை மகிழ்வித்தது சினிமா, படுத்துக் கிடந்தபோது துணைக்கு இருந்ததும் சினிமா. அதனால்தான் அதனிடம் உரிமையோடு கேட்கிறேன். ஒரு வீட்டில் திடீரென்று ஒருவர் கீழே விழுந்து கால் போய்விட்டால், அந்த வீட்டுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. டாக்டர் சொல்வது பாதி புரியும், மீதியை அவர்கள் பார்த்த படங்கள்தான் நிரப்பும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நிரம்பியது. பெரியப்பாவுக்கு ஒரு மின்சார அதிர்ச்சி, எனக்கு ஒரு தியாக வசனம், அம்மாவுக்கு ஒரு போர்வை. இன்றைக்கு ராத்திரி எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வார்டில் இதே மாதிரி ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். அவர்கள் மனதில் ஓட நல்லதாக ஒரு கதை வேண்டும். அதில் வரும் ஆள் வீல்சேரைப் பழகிக்கொள்ள வேண்டும், புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், காதலிக்க வேண்டும், தப்பும் செய்ய வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு எனக்குப் பட்டறைகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். “அண்ணே, அந்த புஷ்ஷிங் டிராயிங்ல டாலரன்ஸ் சரியா இருக்கா, மெஷின்ல ஏத்தலாமா?” என்று கேட்பார்கள். நான் நடப்பேனா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அடுத்து ஒரு பாத்திரத்தை வீல்சேரில் உட்கார வைக்கப்போகும் இயக்குநரும், அந்த ஆள் கடைசியில் எழுந்து நிற்பாரா என்பதை விட்டுவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எந்த வேலைக்குக் கிளம்புகிறார் என்பதிலிருந்து கதையை எழுத ஆரம்பிக்கட்டும்.